செங்காந்தள்: கிழங்கை உடைக்காமல் பெருக்குவது எப்படி?

சங்கரன்கோவில் வட்டாரத்தில் பூ விவசாயம் என்றால் மல்லிகையும் பிச்சியும்தான் நினைவுக்கு வரும். விடியுமுன் பறித்து, வெயில் ஏறுமுன் சந்தைக்குக் கொண்டு சேர்க்க வேண்டிய பூக்கள் இவை. ஆனால் பூவைப் பறிக்காமல் விட்டு, காயை முற்றவிட்டு, விதையை எடுத்து விற்கும் ஒரு பூக்கொடியும் உண்டு. மழைக்குப் பின் வேலி ஓரத்திலும் மலையடிவாரப் புதர்களிலும் தானாக முளைத்து, நெருப்புக் கொழுந்து போலப் பூக்கும் செங்காந்தள்தான் அது. கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்று ஊருக்கு ஒரு பெயரில் இதை அழைக்கின்றனர். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் மலர்களில் முதலாவதாக வருவதும் காந்தள்தான்.

திருப்பூர் மாவட்டத்தில் தாராபுரம், மூலனூர் பகுதியிலும், திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம், கள்ளிமந்தயம் பகுதியிலும் பல ஆண்டுகளாக இதை வயலில் பயிர் செய்து வருகின்றனர். கிணற்றில் நீர் குறைந்த செம்மண் பூமிகளில் இது ஒரு முக்கியப் பணப்பயிர். அங்கே விளைவதைக் கேள்விப்பட்டு, தெற்கு மாவட்டங்களிலும் சிலர் கிழங்கு வாங்கி நட முற்படுகின்றனர். நடுமுன் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்வது அவசியம். ஒன்று, இந்தப் பயிரில் விவசாயியின் முதல் முழுவதும் கிழங்கில்தான் இருக்கிறது. மற்றொன்று, அந்தக் கிழங்கு கொடிய விஷம்.

விதைக்கு ஏன் விலை?

செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் கோல்ச்சிசின் என்ற காரப்பொருளும், கோல்ச்சிகோசைடு என்ற பொருளும் உள்ளன. மூட்டுகளில் யூரிக் அமிலம் படிந்து வீங்கும் கீல்வாத நோய்க்குக் கோல்ச்சிசின் மருந்தாகிறது. கோல்ச்சிகோசைடிலிருந்து தசைப்பிடிப்பைத் தளர்த்தும் மருந்து தயாரிக்கப்படுகிறது. 1820-இல் பிரான்சில் கோல்ச்சிகம் என்ற வேறொரு செடியிலிருந்து இப்பொருள் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. அந்தச் செடிக்கு நமது காந்தள் ஒரு வகையில் உறவு. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். பயிர் ஆராய்ச்சிக்கும் இப்பொருள் பழக்கமானதுதான். செடியின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க 1937 முதல் கோல்ச்சிசின் பயன்படுகிறது. விதையில்லாத் தர்ப்பூசணி உருவானதில் இதற்குப் பங்கு உண்டு.

ஆக, வியாபாரி வாங்குவது பூவையோ கிழங்கையோ அல்ல, விதையைத்தான். உலர்ந்த காய்த் தோலையும் வாங்குவோர் உண்டு. மருந்துத் தொழிற்சாலைகளின் தேவையைப் பொறுத்தே விலை அமைவதால், ஓர் ஆண்டு ஏறுவதும் மறு ஆண்டு சரிவதும் இந்தப் பயிரில் சாதாரணம். நெல்லுக்கும் உளுந்துக்கும் இருப்பது போல அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை இதற்குக் கிடையாது. எனவே சிறு விவசாயி கடன் வாங்கி ஏக்கர் கணக்கில் இறங்குவது அறிவுடைமை ஆகாது.

கிழங்கில் போகும் பணம்

ஓர் ஏக்கருக்கு 50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்காகச் சுமார் 800 கிலோ தேவைப்படும். சாகுபடிச் செலவில் பெரும் பங்கு இதற்கே போய்விடும். விதையை விற்றுக் கிழங்கின் விலையை எடுப்பதற்கே சில பருவங்கள் ஆகலாம். இடையில் அழுகல் நோய் வந்தால் முதலே போய்விடும். "கிழங்கும் நாங்கள் தருகிறோம், விளைந்த விதையையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்று சொல்லிக்கொண்டு வருவோரிடம், விலையையும் எடுக்கும் காலத்தையும் எழுத்தில் பெறாமல் பணம் கொடுக்கக் கூடாது.

இதற்கு மாற்று வழி, ஒரு சென்ட்டில் தொடங்கிச் சொந்தக் கிழங்கைப் பெருக்கிக்கொள்வதுதான். ஒரு சென்ட் என்பது சுமார் 435 சதுர அடி. வரிசைக்கு வரிசை 4 அடியும், கிழங்குக்குக் கிழங்கு முக்கால் அடியும் விட்டால் 145 கிழங்குகள் பிடிக்கும். எடையில் எட்டுக் கிலோ. வீட்டுத் தோட்டத்திலோ கிணற்று மேட்டிலோ இந்த அளவு இடம் யாருக்கும் கிடைக்கும். பயிரின் போக்கும் நோயும் விலையும் இந்த ஒரு சென்ட்டிலேயே தெரிந்துவிடும். தவறினாலும் நட்டம் எட்டுக் கிலோ கிழங்கோடு போகும்.

முளை எங்கே இருக்கிறது?

காந்தள் கிழங்கை மண்ணிலிருந்து எடுத்துப் பார்த்தால், இரண்டு கரங்கள் விரிந்து கலப்பை போலத் தோன்றும். கலப்பைக்கிழங்கு என்ற பெயர் இதனால் வந்தது. இரண்டு கரங்களும் சேரும் மூட்டில்தான் போன ஆண்டுத் தண்டு இருந்த தழும்பு தெரியும். புதியவர்கள் அந்த இடத்திலிருந்தே மீண்டும் முளைக்கும் என்று எண்ணிவிடுகின்றனர். அது தவறு. ஒவ்வொரு கரத்தின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்குருத்துதான் உண்டு. அந்த நுனி ஒடிந்தால் அந்தக் கரம் எவ்வளவு பருமனாக இருந்தாலும் முளைக்காது.

சேனைக்கிழங்கை வெட்டி நடுகிறோம். இஞ்சியையும் மஞ்சளையும் துண்டாக்கி நடுகிறோம். காந்தளை அப்படி வெட்டக் கூடாது. இரண்டு கரங்களையும் மூட்டில் மட்டும் பிரிக்கலாம். பிரித்த இரண்டிலும் நுனிக்குருத்து இருப்பதால் ஒன்று இரண்டாகிறது. இதுதான் கிழங்கு வழிப் பெருக்கத்தின் முழு ரகசியம். நட்ட கிழங்கு அந்தப் பருவத்திலேயே தன் சத்தைக் கொடியேற்றுவதற்குச் செலவிட்டுச் சுருங்கிவிடும். பருவ முடிவில் அதற்குப் பதிலாகப் புதிய கிழங்கு, பெரும்பாலும் இரண்டு கரங்களுடன், உருவாகியிருக்கும்.

காகிதக் கணக்கில் ஆண்டுதோறும் இரட்டிப்பு என்றாலும் வயலில் அப்படி நடக்காது. சில ஒடியும், சில அழுகும், சில ஒற்றைக் கரமாகவே நிற்கும். பத்து நட்டால் பதினாறு, பதினேழு தேறும் என்று வைத்துக்கொண்டால், ஒரு சென்ட்டில் தொடங்கியவருக்கு ஐந்தாம் ஆண்டில் ஏழெட்டு சென்ட் நடுவதற்குக் கிழங்கு கையில் இருக்கும். தோண்டும்போது 40 கிராமுக்குக் குறைந்து கிடைக்கும் சிறு கிழங்குகளைக் கழித்துப் போடாமல், தனிப் பாத்தியில் நெருக்கி நட்டு இன்னும் ஓர் ஆண்டு வளர்த்து எடுக்க வேண்டும்.

விதையிலிருந்தும் பெருக்கலாம். செலவே இல்லாத வழி இது. ஆனால் பொறுமை வேண்டும். விதையின் மேலுள்ள ஆரஞ்சு நிறச் சதையைக் கழுவி நீக்கி, உலர்த்தி, ஆறு முதல் ஒன்பது மாதம் வைத்திருந்து விதைக்க வேண்டும். தோல் கடினமானதாகையால் முளைப்பு ஒரே சீராக இராது. ஒன்று இன்று வந்தால் மற்றொன்று பல வாரம் கழித்து வரும். முளைத்த நாற்று பூக்கும் பருவத்துக்கு வர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். மணலும் செம்மண்ணும் மட்கிய எருவும் கலந்த ஒரு பாத்தியை வீட்டுப் பக்கத்தில் ஒதுக்கி, ஆண்டுதோறும் ஒரு பிடி விதை போட்டு வருபவருக்கு, நான்காம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிழங்கு வந்துகொண்டே இருக்கும். அவசரப்படுவோர் மலைக்குப் போய்த் தோண்டி வருவது உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் காப்புக்காடுகளில் கிழங்கு தோண்டுவது சட்டப்படி குற்றம். அதோடு, காட்டில் இந்தக் கொடி குறைந்து வருவதற்கு அப்படித் தோண்டுவதும் ஒரு காரணம்.

எந்த நிலம், எந்த மாதம்?

நீர் தேங்காத செம்மண்ணும் மணல் கலந்த செம்பொறை மண்ணும் ஏற்றவை. கார அமில நிலை 6 முதல் 7 வரை இருப்பது நல்லது. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே குருவிகுளம், திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் மண் இதற்கு ஆகாது. மழை பெய்தால் நீரைப் பிடித்து வைத்துக் கிழங்கை அழுகச் செய்துவிடும். காரத்தன்மையும் அதிகம். மேற்கே புளியங்குடி, வாசுதேவநல்லூர் திசையில் மலையடிவாரத்துச் செம்மண் நிலங்கள் பொருத்தமானவை. கரிசல்காட்டுக்காரர் ஆசைப்பட்டால் வேலி ஓரத்தில் செம்மண்ணும் மணலும் கொட்டி ஒரு முழ உயரத்துக்கு மேட்டுப்பாத்தி அமைத்துச் சில கொடிகள் வளர்க்கலாம். வயலில் போட வேண்டாம்.

ஜூன், ஜூலை நடவுப் பருவம். இந்த வட்டாரத்துக்குத் தென்மேற்குப் பருவமழை அவ்வளவாகக் கிடைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்கு மழைதான் நம்பிக்கை. மழையை நம்பித் தாமதமாக நட்டால் பூக்கும் பருவமும் அடைமழையும் ஒன்றாக வரும். பூவில் மகரந்தம் நனைந்து காய் பிடிக்காது, இலைக்கருகலும் தாக்கும். ஆகவே கிணற்று நீர் இருப்போர் ஆனிக் கடைசியில் தொடங்கி ஆடித்தபசுக்குள் நட்டு முடித்துவிட்டால், புரட்டாசியிலேயே முதல் பூக்கள் வந்து, மழைக்கு முன்னதாக ஓரளவு காய் பிடித்துவிடும்.

நிலத்தைப் புழுதிபட உழுது, சென்ட்டுக்கு 40 கிலோ மட்கிய தொழுஉரம் இட வேண்டும். ஓர் அடி ஆழத்துக்குச் சால் எடுத்து, எருவும் மேல்மண்ணும் கலந்து முக்கால் பாகம் நிரப்பி, அதன்மேல் கிழங்கைப் படுக்கை வாக்கில் வைத்து, இரண்டு மூன்று அங்குலம் மண் மூடினால் போதும். குருத்து நுனி சற்று மேல்நோக்கி இருக்க வேண்டும். நடுமுன், லிட்டருக்கு 1 கிராம் கார்பன்டாசிம் கலந்த நீரில் கிழங்கை அரை மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்திக்கொள்ள வேண்டும். கூடையில் கொட்டுவது, மூட்டையில் திணிப்பது, தூக்கிப் போடுவது எல்லாம் குருத்தை ஒடிக்கும் வேலைகள். தட்டில் அடுக்கி எடுத்துச் செல்வதே முறை.

எக்டேருக்கு 120 கிலோ தழை, 50 கிலோ மணி, 75 கிலோ சாம்பல் சத்து என்பது பரிந்துரை. ஒரு சென்ட் கணக்கில் இது யூரியா 1 கிலோ, சூப்பர் பாஸ்பேட் ஒன்றேகால் கிலோ, பொட்டாஷ் அரைக் கிலோ ஆகும். யூரியாவில் பாதியை நடவின்போதும் மீதியை ஒரு மாதம் கழித்தும் இடலாம். முளைத்து வரும்வரை ஐந்து நாளைக்கு ஒரு முறை லேசாக நீர் விட்டு, பிறகு மண்ணின் ஈரத்தைப் பார்த்து விட்டால் போதும். களைக்கொத்தியால் ஆழமாகக் கொத்தக் கூடாது. மண்ணுக்குள் ஊர்ந்து வரும் குருத்து வெட்டுப்பட்டால் அந்த ஆண்டுக்கு அந்தச் செடி இல்லை. கையால் களை எடுப்பதே மேல்.

கொடிக்குப் பிடிப்பு

காந்தளுக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும். ஆகையால் பருத்த கல்தூணோ வழுவழுப்பான குழாயோ உதவாது. மெல்லிய குச்சியும் கிளையும்தான் தேவை. கொங்குப் பகுதியில் முள்கிலுவைக் கழிகளை வரிசையாக நட்டு உயிர்வேலியாக்கி, இடையில் காய்ந்த விராலிச் செடிகளைச் செருகிவிடுகின்றனர். கம்பி கட்டுவோரும் உண்டு. வீட்டில் வளர்ப்போருக்கு இருக்கின்ற கிலுவை வேலியே போதும். கொடி ஐந்தாறு அடி ஏறும். காற்றில் அடிபட்டுத் தண்டு ஒடிந்தால் மறுபடி தழைக்காது என்பதால், முழ உயரம் வந்தவுடனேயே பிடிப்பு தயாராக இருக்க வேண்டும்.

பூவைத் தொட்டு விடுதல்

நட்ட ஒன்றரை, இரண்டு மாதத்தில் பூ வரும். பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, பின் செந்நிறம் ஏறும். இதழ்கள் ஆறும் மேல்நோக்கி மடங்கிக்கொள்ள, மகரந்தக் கேசரங்கள் ஆறும் கீழே விரிந்து நிற்கும். சூல்தண்டு அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் விலகிப் போயிருப்பதைக் கவனித்தால், காய்ப்பு ஏன் குறைகிறது என்பது புரியும். தன் மகரந்தம் தன்மேல் எளிதில் படாதபடி இயற்கை வைத்திருக்கும் ஏற்பாடு அது. வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் வந்தால்தான் காய். வயல் முழுக்கப் பூத்திருக்கும்போது அவற்றை மட்டும் நம்பியிருந்தால் பல பூக்கள் வீணாகும்.

எனவே காலை 8 மணியிலிருந்து 11 மணிக்குள் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். ஒரு கொடியின் பூவிலிருந்து மகரந்தப்பையைப் பறித்து, வேறு கொடியில் அன்றோ முந்தின நாளோ விரிந்த பூவின் சூல்முடியில் மெல்லத் தடவினால் போதும். சிறு தூரிகையாலும் செய்யலாம். பிச்சி பறித்துப் பழகிய கைகளுக்கு இது கடினமான வேலையல்ல. சென்ட் அளவில் என்றால் வீட்டு ஆள் ஒருவரே காலையில் முடித்துவிடலாம். ஏக்கர் அளவில் பூக்காலம் முழுவதும் இதற்கு ஆள் கூலி உண்டு என்பதை முன்பே கணக்கில் சேர்க்க வேண்டும்.

நோயில் இலைக்கருகல்தான் பெரிது. இலையில் பழுப்புப் புள்ளிகள் தோன்றி, ஈரம் மிகுந்த நாட்களில் கொடி முழுவதும் தீய்ந்துவிடும். லிட்டருக்கு இரண்டு முதல் இரண்டரை கிராம் மாங்கோசெப் கலந்து தெளிக்கலாம். கிழங்கு அழுகிய செடியைச் சுற்றிலும் உள்ள மண்ணோடு எடுத்து அழித்து, அந்த இடத்தில் கார்பன்டாசிம் கரைசலை ஊற்ற வேண்டும். கருப்பு உடலில் வெள்ளை, சிவப்புப் புள்ளிகளுடன் ஒரு புழு இலையை மொட்டையடிக்கும். காந்தளையும் அதன் இனச் செடிகளையுமே நாடி வரும் புழு அது. சென்ட் அளவில் இருப்போர் உறை அணிந்த கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டாலே அடங்கிவிடும். இதற்கென முன்பு சொல்லப்பட்ட சில மருந்துகள் இப்போது தடை செய்யப்பட்டவை. பழைய கையேட்டைப் பார்த்து வாங்காமல் தோட்டக்கலை அலுவலரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

விஷம் பற்றி

செடியின் எல்லாப் பாகங்களும் விஷம். கிழங்கில் மிக அதிகம். பார்ப்பதற்குச் சர்க்கரைவள்ளி போலவும் காட்டுவள்ளி போலவும் இருப்பதால் தெரியாமல் அவித்துத் தின்று இறந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. அவித்தாலும் விஷம் போவதில்லை. தின்ற சில மணி நேரத்தில் தொண்டையும் வயிறும் எரியும்; வாந்தியும் பேதியும் நிற்காமல் போகும். ஒரு நாளில் சற்றுத் தெளிந்தது போலத் தோன்றிவிட்டு, அடுத்த நாட்களில் சிறுநீரகமும் இரத்த அணுக்களும் கெடும். பிழைத்தவர்களுக்கும் இரண்டாம் வாரத்தில் முடி கொத்தாக உதிரும். ஆகையால் ஒரு துண்டு தின்றிருந்தாலும், வாந்தி வரட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தின்ற கிழங்கின் மிச்சத்தையும் கையோடு எடுத்துச் சென்று காட்ட வேண்டும். வாந்தி நின்றதும் வீட்டுக்கு அழைத்து வந்துவிடக் கூடாது.

கிழங்கை அரைத்துப் பூசுவது, பிரசவ வேதனைக்குக் கொடுப்பது போன்ற பழைய கைவைத்தியங்களை அடியோடு விட்டுவிட வேண்டும். வீட்டருகே நட்டால் பாம்பு அண்டாது என்று சொல்வோர் உண்டு. அதற்குச் சான்று இல்லை. கைக்குழந்தையும் சிறு பிள்ளைகளும் விளையாடும் முற்றத்தில் இந்தக் கொடி வேண்டாம். காய்ந்த கொடியாக இருந்தாலும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடக் கூடாது. கிழங்கைக் கையாளும்போது உறை அணிந்து, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவிய பின்பே சாப்பிடப் போக வேண்டும்.

அறுவடை

நட்ட 160 முதல் 180 நாளில், தை மாத வாக்கில், காய்கள் கரும்பச்சையிலிருந்து இளம்பச்சையாகித் தோல் சுருங்கத் தொடங்கும். வெடிக்குமுன் பறித்து, நிழலில் பத்து நாள் பரப்பினால் தாமே பிளந்துகொள்ளும். விதையைப் பிரித்து மேலும் ஒரு வாரம் நிழலில் உலர்த்த வேண்டும். எக்டேருக்கு 200 முதல் 250 கிலோ உலர்ந்த விதை என்பது சராசரி. அதாவது ஒரு சென்ட்டில் ஒரு கிலோ விதை கிடைத்தால் நல்ல விளைச்சல். பெரிய தொகையல்லதான், ஆனால் சென்ட் அளவில் நடுபவருக்கு அது மேல்வரவு, மண்ணுக்குள் இருப்பதுதான் விளைச்சல். நன்கு உலர்ந்த விதை ஓராண்டு இருப்புத் தாங்கும். விலை சரிந்திருக்கும் ஆண்டில் உடனே விற்றுத் தீர வேண்டியதில்லை. தானியமும் பருப்பும் வைக்கும் அறையில் மட்டும் இதை வைக்கக் கூடாது. டப்பாவில் போட்டுப் பெயர் எழுதிப் பூட்டி வைக்க வேண்டும்.

மாசியில் கொடி மஞ்சளித்துச் சாயும்போது தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். பெரிய வயலில் கிழங்கைத் தோண்டாமல் சில ஆண்டுகள் மண்ணிலேயே விட்டுவைப்பது வழக்கம். பெருக்க விரும்புவோர் பங்குனியில், காய்ந்த தண்டு இருக்கும்போதே இடத்தை அடையாளம் கண்டு, ஓர் அடி தள்ளி மண்வெட்டியைப் போட்டு, கையால் மண்ணை விலக்கி எடுக்க வேண்டும். உலர்ந்த மணலில் ஒரே அடுக்காகப் பரப்பி, காற்றோட்டமான நிழலில், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தால், ஆனி பிறக்கும்போது நுனியில் வெள்ளையாகக் குருத்து பருக்கத் தொடங்கும். மூட்டில் பிரிக்க வேண்டிய தருணம் அதுதான்.